நமீபியாவில் யுரேனியம் ஆய்வு வேலை: 'ரிசோர்ஸ்' அறிவித்துவிட்டார்கள், சுரங்கம் வருமா?

அரியலூரான்:

அனைவருக்கும் வணக்கம். எம்.எஸ்ஸி. ஜியாலஜி முடித்துவிட்டு அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இருக்கிறேன். வேலை மோசமில்லை. ஆனால் காலையில் வெடி, மதியம் மாதிரி, மாலையில் கால்சியம் சதவீதம் என்று தினமும் ஒரே பாட்டு.

இப்போது நமீபியாவில் ஸ்வகோப்முண்ட் என்ற ஊரிலிருந்து ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. யுரேனியம் தேடும் சின்ன நிறுவனம், ஆஸ்திரேலியப் பங்குச்சந்தையில் பட்டியலானது. துளையிடும் பணியை மேற்பார்க்கும் ஜியாலஜிஸ்ட் வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். சம்பளம் இப்போது வாங்குவதைப்போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அவர்கள் அனுப்பிய பிரசன்டேஷனில் பல மில்லியன் பவுண்டு (எடைக் கணக்கு) ரிசோர்ஸ், அதாவது நிலத்துக்கு அடியில் இருப்பதாக மதிப்பிட்ட அளவு, என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அடுத்த ஸ்லைடிலேயே மில், பெல்ட், லாரி எல்லாம் வரைந்து வைத்திருக்கிறார்கள். இன்னும் மூன்று, நான்கு வருடத்தில் உற்பத்தி என்கிறார்கள்.

சுண்ணாம்புக்கல்லில் படிவம் இருந்தால் சுரங்கம் வந்துவிடும். இங்கேயும் அப்படித்தானா? அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். கதிர்வீச்சு பற்றி அம்மா தினமும் கேட்கிறார், அதற்கும் ஒரு நேர்மையான பதில் வேண்டும்.

காளைச்சந்தை:

ப்ரோ, யோசிக்கவே வேண்டாம், கிளம்புங்கள். 2016 கடைசியில் யுரேனியம் பவுண்டுக்கு 18 டாலர். 2024 ஜனவரியில் 100 டாலரைத் தாண்டியது. உலகம் முழுக்க அணுமின் நிலையம் கட்டுகிறார்கள், சரக்கு இல்லை. நமீபியா உலகத்தில் மூன்றாவது பெரிய உற்பத்தி நாடு. 2022-ல் மட்டும் 5,600 டன்னுக்கு மேல் எடுத்தார்கள், கஜகஸ்தானுக்கும் கனடாவுக்கும் அடுத்த இடம். சம்பளத்தோடு கொஞ்சம் பங்கும் கேட்டு வாங்குங்கள். அப்படியே கம்பெனி பெயரைத் தனிமடலில் சொல்லுங்கள் 😀

பாலைமணல்:

தம்பி, நான் 2007-ல் இங்கே வந்தவன், இன்னும் இங்கேதான் இருக்கிறேன். அந்த வருடம் ஜூனில் பவுண்டு 136 டாலரைத் தொட்டது. ஸ்வகோப்முண்டில் வாடகைக்கு வீடு கிடைக்காது, துளையிடும் ரிக் இயந்திரம் கிடைக்காது, ஆய்வகத்தில் மாதிரி கொடுத்தால் முடிவு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. உரிமம் கேட்டு வந்த கூட்டத்தைப் பார்த்து, அணு எரிபொருள் கனிமங்களுக்குப் புது ஆய்வு உரிமம் தருவதையே அரசாங்கம் நிறுத்தி வைத்தது. 2017-ல்தான் அந்தக் கதவு மறுபடி திறந்தது. அன்று கடற்கரை ஓட்டல்களில் விசிட்டிங் கார்டு நீட்டிய கம்பெனிகளில் முக்கால்வாசி இன்று பெயரோடு இல்லை. ஆனால் அவர்கள் துளை போட்ட யுரேனியம் அங்கேயேதான் கிடக்கிறது. அந்தத் துளைகளில் சிலவற்றின் பக்கத்திலேயே உங்கள் புதுக் கம்பெனி துளை போட்டாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

யுரேனியம் இருக்கிறதா என்ற கேள்வி இந்த எரோங்கோ மாகாணத்தில் என்றோ தீர்ந்துபோனது. என்ன விலைக்கு, எந்தத் தண்ணீரில், யாருடைய பணத்தில் எடுப்பது என்பதுதான் தீரவில்லை. மூன்று சுரங்கங்களின் கதையைப் பாருங்கள்.

ரோசிங். 1928-லேயே பீட்டர் லோ என்பவர் நமீப் பாலைவனத்தில் கதிரியக்கக் கல்லைக் கண்டுபிடித்துவிட்டார். இடையில் ஆங்கிலோ அமெரிக்கன் வந்து துளை போட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. 1966-ல் ரியோ டின்டோ உரிமை வாங்கி, 1976-ல் உற்பத்தியைத் தொடங்கியது. கண்டுபிடிப்புக்கும் உற்பத்திக்கும் நடுவில் 48 வருடம். அங்கே தரம் 0.03 சதவீதம்தான். ஒரு டன் பாறையில் 300 கிராம். கனடாவின் சிகார் லேக்கில் ஒரு டன்னில் 150 கிலோவுக்கு மேல் வரும். இந்த ஏழைப் பாறையை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டினார்கள் என்றால் காரணம் பரிமாணம். 3 கிலோமீட்டர் நீளம், 1.5 கிலோமீட்டர் அகலம், கிட்டத்தட்ட 400 மீட்டர் ஆழமுள்ள குழி. ஒவ்வொரு லாரியும் கதிர் அளக்கும் வளைவுக்கு அடியில் போகும். அங்கே வரும் எண்ணைப் பார்த்துத்தான் இது மில்லுக்கு, இது கழிவுக்கு என்று பிரிப்பார்கள். 2019-ல் ரியோ டின்டோ தன் பங்கைச் சீனாவின் சிஎன்என்சி குழுமத்துக்கு விற்றுவிட்டது. ஷா காலத்தில் வாங்கிய 15 சதவீதத்தை ஈரான் இன்னும் வைத்திருக்கிறது என்பது நம்மவர்களுக்குத் தெரியாத கூடுதல் சுவாரசியம். பங்கு மட்டும்தான், சரக்கு எடுக்க உரிமை இல்லை.

லாங்கர் ஹைன்ரிஷ். 1970-களில் கண்டுபிடித்துப் போட்டு வைத்த படிவம். 2002-ல் பலடின் என்ற ஆஸ்திரேலிய நிறுவனம் அதை வெறும் 15,000 ஆஸ்திரேலிய டாலருக்கும் ஒரு ராயல்டிக்கும் வாங்கியது. ஒரு பழைய பிக்கப் வண்டி விலை! 2006 கடைசியில் ஆலை ஓடத் தொடங்கியது. 2014-ல் அதில் கால் பங்கை மட்டும் 19 கோடி அமெரிக்க டாலருக்குச் சீனர்களுக்கு விற்றார்கள். சரி, பெரிய வெற்றி என்றுதானே நினைப்பீர்கள்? 2018-ல் பூட்டிவிட்டார்கள். புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு விலை விழுந்துகொண்டே போனதில், யுரேனியத் தூளை அடைத்து அனுப்பும் ஒவ்வொரு டிரம்முக்கும் கைக்காசு போனது. 2024 மார்ச் கடைசியில்தான் மறுபடி முதல் டிரம். பாறை அதே பாறை, எல்லா வருடமும்.

மூன்றாவது ட்ரெக்கோப்யே. இதை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2007-ல், அதாவது விலை உச்சியில், பிரான்சின் அரேவா நிறுவனம் யுராமின் என்ற கம்பெனியை 250 கோடி டாலருக்கு வாங்கியது. அந்தக் கம்பெனியிடம் இருந்த முக்கியச் சொத்துகளில் ஒன்று ட்ரெக்கோப்யே. பேப்பரில் ரிசோர்ஸ் பெரிசு. தரமோ ரோசிங்கைவிடவும் கீழே. சுரங்கத்துக்குத் தண்ணீர் வேண்டுமே என்று வ்லோட்ஸ்காஸ்பாக்கன் கடற்கரையில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை 2010-ல் கட்டி முடித்தார்கள், ஆண்டுக்கு 2 கோடி கன மீட்டர் திறன். பிறகு விலை விழுந்தது, சுரங்கத்தை முழு உற்பத்திக்கு முன்பே மூடி வைத்துவிட்டார்கள். வாங்கிய விவகாரம் பிரான்சில் நீதிமன்ற விசாரணை வரை போனது. ஆனால் தண்ணீர் ஆலை மட்டும் ஜாம் ஜாம் என்று ஓடுகிறது. அரசின் தண்ணீர் நிறுவனமான நாம்வாட்டர் அந்தத் தண்ணீரை வாங்கி மற்றச் சுரங்கங்களுக்கும் ஊருக்கும் கொடுக்கிறது. நான் காலையில் பல் தேய்ப்பதில் ஒரு பங்கு அந்தப் புண்ணியத்தில்தான்.

இப்போது உங்கள் பிரசன்டேஷனுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் கனிம இருப்பை அறிவிக்கும் ஜோர்க் விதிப்படி ரிசோர்ஸில் இன்ஃபெர்ட், இண்டிகேட்டட், மெஷர்ட் என்று மூன்று படி. இன்ஃபெர்ட் என்றால் துளைகள் தூரம் தூரமாக இருக்கின்றன, நடுவில் இருப்பது அனுமானம். அதை வைத்து ரிசர்வ், அதாவது லாபமாக வெட்டி எடுக்கலாம் என்று காட்டிய பங்கு, என்று அறிவிக்க விதியே இடம் தராது. அவர்கள் எண்ணில் எத்தனை பங்கு இன்ஃபெர்ட் என்று அடிக்குறிப்பில் இருக்கும், தேடுங்கள். அடுத்தது கட்-ஆஃப் தரம், அதாவது இதற்குக் கீழே உள்ள பாறையைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்ற எல்லை. ஒரு பிபிஎம் என்றால் ஒரு டன்னில் ஒரு கிராம். 100 பிபிஎம் கட்-ஆஃபில் மலைபோல் தெரியும் படிவம் 200 பிபிஎம்முக்கு ஏற்றினால் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ சுருங்கிவிடும். அந்த 100 சரியா என்பது அவர்கள் எந்த விலையை மனதில் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பெரிய எழுத்தில் மில்லியன் பவுண்டும் சின்ன எழுத்தில் கட்-ஆஃபும் போட்டால், நீங்கள் சின்ன எழுத்தை முதலில் படியுங்கள்.

நாட்டின் சட்டமே இதை அறிந்துதான் எழுதப்பட்டிருக்கிறது. ஆய்வு உரிமம் மூன்று வருடம், அப்புறம் இரண்டிரண்டு வருடமாக இரு முறை நீட்டிப்பு. அதற்குள் சுரங்கம் கட்ட விலை இடம் கொடுக்கவில்லை என்றால், கண்டுபிடித்ததைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருக்கத் தனியாக ஒரு உரிம வகை 1992-ன் கனிமச் சட்டத்தில் உண்டு.

அந்த மூன்று, நான்கு வருடக் கணக்கை ஒதுக்கி வையுங்கள். ஒரு உதாரணம் போதும்: தூமாஸ் திட்டம் இங்கே எல்லாத் தயாரிப்பும் முடித்து நின்ற திட்டம். ஆய்வறிக்கை இருக்கிறது, சுரங்க உரிமம் இருக்கிறது. ஆனாலும் 2025 ஏப்ரலில் டீப் யெல்லோ நிறுவனம் இறுதி முதலீட்டு முடிவைத் தள்ளி வைத்தது. அன்றைய விலை புதுச் சுரங்கம் கட்டுவதற்குப் போதாது என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். விலை நிலவரம் அப்போது சுமார்தான், ஆனால் அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

இதற்காக வராதீர்கள் என்று சொல்லவில்லை. சுரங்கம் வராவிட்டாலும் இரண்டு வருட வேலை வேலைதான். எதை எதிர்பார்த்து வருகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அரியலூரான்:

ரொம்ப நன்றி அண்ணே. இவ்வளவு விரிவாக யாராவது எழுதுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இன்று அடிக்குறிப்பைத் தேடிப் பார்த்தேன். பாதிக்கு மேல் இன்ஃபெர்ட், கட்-ஆஃப் 100 பிபிஎம். படிவம் கால்கிரீட் (சுண்ணாம்பால் இறுகிய மண், சரளை) வகை, பழைய ஆற்றுத்தடத்தில் இருக்கிறது, தாது கார்னோடைட் என்று போட்டிருக்கிறது. கால்கிரீட் என்றதும் நம் சுண்ணாம்பு ஆயிற்றே என்று கொஞ்சம் தைரியம் வந்தது.

வேலையில் காமா லாகிங் செய்ய வேண்டும் என்கிறார்கள். எனக்கு அது புதிது. கருவியைத் துளையில் இறக்கினால் யுரேனியம் எவ்வளவு என்று காட்டிவிடுமா? பிறகு எதற்கு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள்?

யாழினி:

நான் தாது பதப்படுத்தும் ஆலைப் பக்கம் வேலை பார்க்கும் கெமிக்கல் இன்ஜினியர், முன்பு கடப்பா பக்கம். லாகிங் பற்றி பாலைமணல் அண்ணன் சொல்லட்டும், கால்கிரீட் பற்றி மட்டும் ஒன்று.

சுண்ணாம்பு இருப்பதுதான் தம்பி அங்கே தலைவலியே. ரோசிங், அதன் பக்கத்து ஹுசாப் சுரங்கம் எல்லாம் அலாஸ்கைட் என்ற கிரானைட் வகைப் பாறை. அரைத்துக் கந்தக அமிலம் ஊற்றினால் யுரேனியம் கரைந்து வரும். கால்கிரீட்டில் அமிலம் ஊற்றினால் யுரேனியத்தைத் தொடுவதற்கு முன்னால் கால்சியம் கார்பனேட்டே முழுவதையும் குடித்துவிடும். அதனால் சோடியம் கார்பனேட், பைகார்பனேட் கரைசலைச் சூடாக்கி அதில் கரைக்க வேண்டும். லாங்கர் ஹைன்ரிஷ் அப்படித்தான் ஓடுகிறது. நம் ஆந்திராவில் தும்மலப்பள்ளியும் காரவழி ஆலைதான், அங்கே டோலமைட் கலந்த பாறை. சூடு வேண்டும் என்றால் எரிபொருள் வேண்டும். கரைசலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தவில்லை என்றால் ரசாயனச் செலவிலேயே ஆலை படுத்துவிடும்.

கார்னோடைட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது பெரிய கூழாங்கல்லுக்குள் இருக்காது, கற்களை ஒட்டவைத்திருக்கும் மண், சுண்ணாம்புப் பசையில்தான் மஞ்சளாகப் படிந்திருக்கும். அதனால் முதலில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெறுங்கல்லைச் சல்லடையில் பிரித்து வெளியே தள்ளிவிடலாம். மீதி நுண்ணிய பகுதி மட்டும் சூடான தொட்டிக்குப் போகும். ஆக, நீங்கள் எடுக்கும் துளை மாதிரியில் எவ்வளவு கூழாங்கல், எவ்வளவு களிமண் என்று எழுதிவைப்பதை அலட்சியமாக நினைக்காதீர்கள். களிமண் அதிகமாக இருந்தால் பின்னால் கெட்டிப்படுத்தும் தொட்டியில் எதுவும் அடியில் படியாது. ஜியாலஜிஸ்ட் 'பழுப்பு நிற மணல்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போனதை நம்பி ஆலையை வடிவமைத்தவர்கள் பட்ட பாட்டை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எந்த ஆலை என்று கேட்காதீர்கள்.

கேட்க வேண்டிய கேள்வி: உலோகப் பிரிப்புச் சோதனை செய்திருக்கிறார்களா, எத்தனை இடத்து மாதிரியில்? ஒரே ஒரு நல்ல துளையில் எடுத்துச் செய்திருந்தால் அது விளம்பரம்.

பாலைமணல்:

யாழினி சொன்ன களிமண் விஷயத்தை அச்சடித்து ரிக்கில் ஒட்டலாம்.

காமா லாகிங் பற்றி. கருவி யுரேனியத்தைப் பார்ப்பதில்லை தம்பி. யுரேனியம் சிதைந்து சிதைந்து ரேடியமாகி, ரேடானாகி, அதற்கும் கீழே பிஸ்மத்-214 ஆகி, அது சிதையும்போது வரும் காமாக் கதிரைத்தான் அது எண்ணுகிறது. பேரனை எண்ணிவிட்டுத் தாத்தா வீட்டில்தான் இருக்கிறார் என்று எழுதிக்கொள்வது மாதிரி. பழைய பாறையில், எதுவும் நகராமல் பத்து லட்சம் வருடத்துக்கு மேல் கிடந்தால், இந்தக் கணக்கு சரியாக வரும். அலாஸ்கைட்டில் பெரும்பாலும் வரும். ஆற்றுத்தடத்துக் கால்கிரீட்டில் நிலத்தடி நீர் உள்ளே புகுந்து யுரேனியத்தை மட்டும் கரைத்து வேறிடத்துக்குக் கொண்டுபோயிருக்கலாம், ரேடியம் பின்தங்கி நிற்கும். கருவி கத்தும், கல்லில் யுரேனியம் இருக்காது. தலைகீழாகவும் நடக்கும்: புதிதாகப் படிந்த யுரேனியம், பிள்ளைகுட்டி இன்னும் பிறக்கவில்லை, கருவி மௌனம். அதனால்தான் காமாவிலிருந்து வரும் தரத்தை 'சமமான' தரம் என்று தனியாகக் குறிக்கிறார்கள், ஒரு பகுதி மாதிரியை ரசாயன ஆய்வுக்கும் அனுப்பி ஒப்பிடுகிறார்கள். தோரியம் கலந்த இடத்தில் அது வேறு குழப்பும். நீங்கள் போனதும் அந்த ஒப்பீட்டு வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால், புரிந்துகொள்ளுங்கள்.

துளையிடுவது பெரும்பாலும் ஆர்.சி. முறை, காற்றழுத்தத்தில் பாறைத் தூள் மேலே வந்து, காற்றிலிருந்து தூளைப் பிரிக்கும் சைக்ளோன் என்ற கலத்தில் விழும். கொஞ்ச இடத்தில்தான் டைமண்ட் துளை போட்டு முழுக் கற்கோல் எடுப்பார்கள், செலவு அதிகம்.

அம்மாவுக்குச் சொல்ல: நீங்கள் கையாளப்போவது ஒரு டன்னில் சில நூறு கிராம் உள்ள பாறை, அதுவும் திறந்த பாலைவனத்தில். வெளியிலிருந்து வரும் காமா இங்கே பெரிய ஆபத்து இல்லை. கவனிக்க வேண்டியது தூசி. அந்தச் சைக்ளோன் பக்கத்தில் முகமூடி இல்லாமல் நிற்கக் கூடாது, ரிக்கில் கை கழுவாமல் சாப்பிடக் கூடாது, வேலை உடுப்போடு வீட்டுக்குள் போகக் கூடாது. மார்பில் குத்திக்கொள்ள, கதிர் அளவைப் பதியும் பட்டை கொடுப்பார்கள். தொழிலாளிக்கு வரம்பு ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அளவு). உங்கள் அளவு அறிக்கையைக் கேட்டு வாங்கி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை. நிலத்தடிச் சுரங்கம் என்றால் ரேடான் பற்றி வேறு மாதிரிப் பேசியிருப்பேன்.

உண்மையில் இங்கே எனக்குத் தெரிந்தவர்களை அடித்துப்போட்டது சாலை. ஸ்வகோப்முண்டிலிருந்து அரண்டிஸ் போகும் வழியில் காலையில் கடல் மூடுபனி ஏறி வரும், எதிரே கனரக லாரி. கடற்கரையோர உப்புச் சாலை பனியில் நனைந்தால் சோப்புப் போட்டதுபோல ஆகிவிடும். அம்மாவிடம் யுரேனியத்தைப் பற்றி அல்ல, வண்டியைப் பற்றிச் சத்தியம் செய்யுங்கள்.

இன்னொன்று, சரளை வெளியில் வண்டியைத் தடம் விட்டு ஓட்டக் கூடாது. மேல் ஓடு உடைந்தால் அந்தச் சக்கரத் தடம் பல பத்தாண்டு அப்படியே கிடக்கும். வெல்விட்ஸ்சியா என்ற பாலைவனச் செடிகள் வேறு, அவற்றில் சிலவற்றுக்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் வயது என்கிறார்கள். துளை போட்டு முடித்ததும் குழியை மூடி, வந்த தடத்தை வாரியால் வாரி அழித்துவிட்டுத்தான் வர வேண்டும். புதிதாக வரும் ஜியாலஜிஸ்டுகளுக்கு இந்த வாரும் வேலைதான் முதலில் விழும்.

காளைச்சந்தை:

அண்ணா, நீங்கள் நடக்காத கதையாகவே சொல்கிறீர்கள். ஹுசாப்? 2008-ல் கண்டுபிடித்து, 2016 டிசம்பரில் முதல் டிரம். எட்டே வருடம். உலகத்தின் மிகப் பெரிய யுரேனியச் சுரங்கங்களில் ஒன்று இப்போது. அப்புறம் இந்தியா இருக்கிறது, கூடங்குளம் விரிவாகிக்கொண்டே போகிறது, நாம் வாங்க மாட்டோமா?

ஓய்வில்_ஒருவன்:

இந்தியா பற்றிக் கேட்டதால் நான் வருகிறேன். அணுசக்தித் துறையில் எரிபொருள் பக்கம் இருந்து ஓய்வு பெற்றவன்.

கூடங்குளத்துக்கு எரிபொருள் ரஷ்யாவிலிருந்து ஆயத்தமான கட்டாக வருகிறது, அதற்கு நமீபியாவில் போய் மஞ்சள் தூள் வாங்கும் வேலை நமக்கு இல்லை. கல்பாக்கம் போன்ற கனநீர் உலைகளுக்குத்தான் இயற்கை யுரேனியம் வேண்டும். அதற்கு ஜார்கண்டில் ஜாதுகோடா, ஆந்திராவில் தும்மலப்பள்ளி, மீதிக்கு கஜகஸ்தான், கனடா போன்ற நாடுகள். 2009 ஆகஸ்டில் நமீபிய ஜனாதிபதி டெல்லி வந்தபோது ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் இன்றுவரை சரக்கு வந்ததில்லை. இந்தியா அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இல்லை, ஆப்பிரிக்க நாடுகளுக்கு, அந்தக் கண்டத்தை அணு ஆயுதமற்ற பகுதியாக வைக்கும் பெலிண்டாபா என்ற தனி ஒப்பந்தம் இருக்கிறது. அந்த முடிச்சு அவிழவில்லை. நம் ஊர்க்காரர் ஒருவர் அங்கே தோண்டுவார், நமக்கு ஒரு டிரம்கூட வராது. எனக்கு அதில் ஒரு சின்ன ஆதங்கம் உண்டு, அதை விடுங்கள்.

அரியலூரான் தம்பியின் அம்மாவுக்கு நானும் ஒரு வார்த்தை சேர்க்கிறேன். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் இருக்கிறது, அங்கே தலைமுறை தலைமுறையாக மக்கள் குடியிருக்கிறார்கள். பயத்தைவிடப் பழக்கவழக்கம் முக்கியம். கை கழுவச் சொன்னாரே, அதுதான்.

பாலைமணல்:

ஐயா சொன்னது சரி. வால்விஸ் பே துறைமுகத்திலிருந்து டிரம்கள் கப்பலேறுவதைப் பார்க்கும்போது எனக்கும் அந்த நினைப்பு வரும்.

காளைச்சந்தை தம்பி, ஹுசாப் நல்ல கேள்வி. ரோசிங்கின் தெற்கே, மணலுக்கு அடியில் மூடிக் கிடந்த அலாஸ்கைட். பக்கத்துக் குழியில் முப்பது வருடமாக வெட்டுகிறார்கள், ஆனால் மேலே மணல் மூடியிருந்ததால் ஆகாய அளவீட்டில் ஒன்றும் தெரியவில்லை. காமாக் கதிருக்கு அரை மீட்டர், ஒரு மீட்டர் மணல் போதும், அத்தனையும் மறைந்துவிடும். துணிந்து மணல் வழியாகத் துளை போட்டவர்களுக்குக் கிடைத்தது. இங்கே யாருக்குமே தெரியாத படிவம் இனி இல்லை என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு ஹுசாப்தான் பதில், எனக்கும் சேர்த்து.

ஆனால் எட்டு வருடத்தில் ஏன் நடந்தது? தரம் ரோசிங்கைவிட மேல், சுமார் 500 பிபிஎம். 2012-ல் சீன அரசின் அணுமின் நிறுவனமான சிஜிஎன் 200 கோடி டாலருக்கு மேல் கொடுத்து மொத்தமாக வாங்கியது. பத்து சதவீதம் நமீபிய அரசின் சுரங்க நிறுவனமான எபாங்கெலோவுக்கு. அமில ஆலையையும் சேர்த்தே கட்டினார்கள். அந்த வருடங்களில் சந்தை விலை எப்படி விழுந்துகொண்டிருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கு அது பொருட்டில்லை. தங்கள் உலைகளுக்கு எரிபொருள் வேண்டும், அவ்வளவுதான். பங்குச்சந்தையில் காசு திரட்டித் துளை போடும் சின்ன கம்பெனிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஹுசாப்பைக் காட்டிப் பங்கு விற்பவர்களிடம், உங்கள் சிஜிஎன் யார் என்று கேளுங்கள்.

தண்ணீர் பற்றி இன்னும் கொஞ்சம், ஏனென்றால் பிரசன்டேஷன்களில் அது ஒரு நீலக்கோடாக மட்டும் வரும். லாங்கர் ஹைன்ரிஷ் மீண்டும் திறந்த முதல் ஆண்டிலேயே தண்ணீர் வரத்துத் தடைப்பட்டும், பழைய தாதுக் குவியலின் தரம் சீராக இல்லாமலும் உற்பத்திக் கணிப்பைக் குறைக்க வேண்டி வந்தது. 2025 மார்ச்சில் வந்தது அதற்கு நேர்மாறு. பாலைவனத்தில் பெருமழை கொட்டி வேலையே நின்றது. கடல்நீர் ஆலையிலும் கடலில் கந்தகம் பொங்கினாலோ பாசி பெருகினாலோ உறிஞ்சுவதை நிறுத்திவிடுவார்கள், அப்போது எல்லாச் சுரங்கமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும்.

நாட்டின் கிழக்கே வேறொரு பாடம். அங்கே ஸ்டாம்ப்ரீட் என்ற பெரிய நிலத்தடி நீர்ப்படுகை, விவசாயமும் ஆடு மாடும் அதை நம்பித்தான். ரஷ்ய நிறுவனம் ஒன்றின் துணைக் கம்பெனி அந்தப் படுகையில் உள்ள யுரேனியத்தை, கஜகஸ்தானில் செய்வதுபோல, குழாய் வழியாகக் கரைசல் செலுத்தி உறிஞ்சும் முறையில் எடுக்கத் திட்டம் போட்டது. விவசாயிகள் எதிர்த்தார்கள். 2021 நவம்பரில் அமைச்சகம் துளை போடும் தண்ணீர் அனுமதியை ரத்து செய்தது. அங்கேயும் ரிசோர்ஸ் உண்டு. எடுக்கக் குறைந்த செலவு ஆகும் முறைகூட அதுதான். விவசாயிகள் பக்கம்தான் நான். குடிக்கிற ஒரே ஊற்றில் அமிலம் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

அரியலூரான்:

கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டேன். மூன்று கேள்வி கேட்டேன்: உலோகப் பிரிப்புச் சோதனை எத்தனை இடத்து மாதிரியில், காமாவுக்கும் ரசாயன ஆய்வுக்கும் ஒப்பீடு இருக்கிறதா, தண்ணீர் எங்கிருந்து. இன்று பதில் வந்தது. சோதனை இரண்டு இடத்தில் செய்திருக்கிறார்கள், மூன்றாவது இந்த வருடம். ஒப்பீடு செய்திருக்கிறார்கள், போனதும் காட்டுவார்களாம். தண்ணீருக்கு 'பேச்சுவார்த்தை நடக்கிறது'. கேள்வி கேட்டதில் கோபம் இல்லை, சீஃப் ஜியாலஜிஸ்ட் தானே போனில் பேசினார். சுரங்கம் எப்போது வரும் என்று கேட்டதற்குச் சிரித்தார்.

போகலாம் என்று முடிவு செய்துவிட்டேன் அண்ணே. ஒப்பந்தத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

பாலைமணல்:

சிரித்தாரா? அப்படியென்றால் நல்ல ஆள், போங்கள்.

ஒப்பந்தத்தில், துளையிடும் திட்டம் பாதியில் நின்றால் உங்களுக்கு எத்தனை மாதச் சம்பளம் என்று எழுத்தில் வேண்டும். சின்ன கம்பெனிகளில் பணம் தீர்ந்தால் முதலில் நிற்பது ரிக், அடுத்து ஜியாலஜிஸ்ட். எனக்கு ஒரு முறை அப்படி நடந்தது, கிளியரன்ஸ் கடிதம் வாங்கவே அலைந்தேன். திரும்பும் டிக்கெட் அவர்கள் செலவு என்று தெளிவாக இருக்கட்டும், ராஜினாமா செய்தாலும். பங்குக்கு பதிலாகச் சம்பளம் கேளுங்கள், காளைச்சந்தை மன்னிக்கவும். வேலை அனுமதி கையில் வரும் வரை அரியலூர் வேலையை விடாதீர்கள். உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று அவர்கள் முதலில் நிரூபிக்க வேண்டும், அது தாமதமாகும். உங்கள் டிகிரிச் சான்றிதழ்களை விண்டூக்கில் தகுதி ஆணையத்திடம் மதிப்பீடு செய்ய வேண்டும், என்.க்யூ.ஏ. என்பார்கள். கம்பெனி செய்து தருவதாகச் சொல்லும், நீங்களே இப்போதே நகல்களுக்குச் சான்றொப்பம் வாங்கி அனுப்பிவிடுங்கள். அங்கேதான் எல்லோருக்கும் இழுக்கிறது.